மந்துக்கு மேல ட்ரோன் விட்டவங்களுக்கு

ஊட்டிக்குப் புதுசா குடி வந்தவங்களோட அந்த நடைபயண வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க, நான் வேற ஷேர் பண்ணப் போறதில்ல. ஊட்டியில வீடு வாங்கின ஈரம் காயல, அதுக்குள்ள "நம்ம ஊரைத் தெரிஞ்சுக்குவோம்"னு ஞாயித்துக்கிழமை நடைபயணம். கேக்காமக் கொள்ளாம மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு மேல ட்ரோன், அங்க இருக்குற பால்கோயில் சுவர் மேல உக்காந்து செல்ஃபி.

தெரிஞ்சுக்க வர்றதை யாரும் தடுக்கல. கேட்டுட்டு வாங்க. அவ்வளவுதான்.

கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. வண்டியை ரோட்டுலயே நிறுத்துங்க. மந்துக்கு வெளிய நின்னு குரல் குடுத்துட்டு, பெரியவங்க யாராவது வர்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க. கல்சுவருக்குள்ள தனியா ஒரு புல்கூரைக் கட்டடம் தெரிஞ்சா, "பழைய குடிசை, அழகா இருக்கு"ன்னு பக்கத்துல போயிடாதீங்க. அது எருமைப்பால் கோயில். தோடர் பெண்களே அதுக்குள்ள போறதில்ல. வெளியூர்க்காரங்க பேச்சுக்கே இடமில்ல. அங்க மேயுற எருமையும் சமவெளி எருமை மாதிரி சாது கிடையாது. ட்ரோன் சத்தத்துக்கு மிரண்டுச்சுன்னா முட்டித் தள்ளிடும். அப்புறம் அதுக்கும் ஊர்க்காரங்க மேலதான் புகார் போடுவீங்க.

தோடர் சால்வை வாங்கணுமா? தாராளமா வாங்குங்க. துணியில கோடு எதுவும் வரையாம, இழையை எண்ணி எண்ணிக் கறுப்பு, சிவப்பு நூல்ல போடுற வேலை அது. 2013லயே புவிசார் குறியீடு வாங்கினது. மிஷின்ல அடிச்ச நகலைக் கையில வச்சுக்கிட்டு, "இந்த விலைக்குக் குடுப்பீங்களா"ன்னு தைக்கிற அக்காகிட்டயே பேரம் பேசாதீங்க.

"சல்லிவன் வரலைன்னா ஊட்டியே இல்ல"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு, அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கலெக்டரைச் சொல்றாரு. நல்லது சார். 1819ல கோத்தகிரி பக்கம் திம்பட்டியில பங்களா கட்டினாரு, 1820கள்ல இங்க கல் பங்களாவும் ஏரியும் வந்துச்சு, யாரு இல்லைன்னா? ஆனா 1117ஆம் வருஷத்து ஹொய்சளர் கல்வெட்டுலயே தோடர் பேரும் நீலமலையும் இருக்கு. எழுநூறு வருஷத்தை அப்படியே மடிச்சு வச்சுட்டு, ஸ்டீபன் சர்ச் உத்தரம் திப்பு அரண்மனையில இருந்து வந்த கதையில ஆரம்பிச்சு அதுலயே முடிச்சுட்டா அது வரலாறா? நீங்க "ஆதி காடு"ன்னு வாயைப் பொளந்து பாக்குற சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) ஆஸ்திரேலியாவுல இருந்து வந்ததுங்க. அதுக்கு முன்னாடி இங்க புல்வெளியும் சோலையும்தான்.

மந்துல கூரை வேயுற புல்லு சதுப்புலதான் வளரும். சதுப்பை மண்ணடிச்சு மேடாக்கி, ப்ளாட் போட்டு, "வேலி வியூ வில்லா"ன்னு வித்துட்டாங்க. வாங்கினவங்கதான் இப்போ "பாரம்பரியக் கூரை அழிஞ்சு போகுதே"ன்னு உருகி உருகி எழுதுறாங்க. எங்க போய் முட்டிக்கிறது.

"டூரிஸ்ட் வந்தாத்தானே வருமானம்"னு வாதம் பண்ண வர்றவங்களுக்கு பதில் கிடையாது. இவங்க டூரிஸ்ட் இல்ல, குடி வந்தவங்க.

"நீங்க மட்டும் என்ன இங்கயே முளைச்சவங்களா?"ன்னு எங்களைக் கேக்குறாங்க. இதான் உறைக்குது. ஆமாங்க, நிறையப் பேரு மலையேறி வந்தவங்கதான். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து ட்ரங்குப் பெட்டியோட வந்து இறங்கின சனம் கூடலூர்லயும் பந்தலூர்லயும் கோத்தகிரியிலயும் கொழுந்து பறிச்சுத்தான் பிழைச்சாங்க. வந்த ஊரு இவங்களை எத்தனை வருஷம் "சிலோன்காரங்க"ன்னே கூப்பிட்டுச்சு தெரியுமா? அவங்க யார் மந்துலயும் போய் சுவரேறி உக்காரல. உங்க நடைபயணத்துல அவங்க இருக்குற டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் உண்டா? இருக்காது. அங்க போட்டோ நல்லா வராதே.

டிசம்பர், ஜனவரியில படகர் மக்களோட ஹெத்தை ஹப்பா திருவிழா வரும். அதுக்குப் பேரகணி கோயிலுக்குப் போறவங்க வெள்ளை உடுத்துங்க, செருப்பை வண்டியிலயே விடுங்க, வெறுங்கால்ல நடந்து வர்றவங்களுக்குக் குறுக்க போன் தூக்கிட்டு நிக்காதீங்க. படகர் பெரியவங்ககிட்ட கை குலுக்க நீட்டாதீங்க. தலையைக் குனிங்க, அவங்க தலையில கை வச்சு வாழ்த்துவாங்க.

முத்தோரை பாலடாவுல பழங்குடியினர் ஆய்வு மையத்தோட அருங்காட்சியகம் இருக்கு, ஊட்டியில இருந்து பத்து கிலோமீட்டர்தான். அடுத்த ஞாயிறு அங்க போங்க. ட்ரோனை வீட்டுல வச்சுட்டு.