ஏஐ இருந்தால் சட்ட உதவிக்கு வக்கீல் வேண்டாமா? ஒரு திருத்தம்

"இனி இலவசச் சட்ட உதவிக்கு வக்கீலே வேண்டாம், ஏஐயிடம் கேட்டால் சரியான தீர்ப்புகளை எடுத்துக் கொடுத்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறு, நம்பிப் போகிறவருக்கு ஆபத்தும்கூட. 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்ஜிபிடி என்ற ஏஐ கொடுத்த தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள். அதில் ஆறு வழக்குகள் நடக்கவே இல்லை, "இது நிஜ வழக்கா" என்று கேட்டபோதும் அது ஆமாம் என்றே சொல்லியிருந்தது, கடைசியில் 5,000 டாலர் அபராதம். அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்து எழுதுவதுதான் இப்படிப்பட்ட ஏஐயின் வேலை. தீர்ப்புத் தொகுப்புகளோடு இணைத்தால் பிழை குறையும், ஒழியாது. வக்கீலுக்காவது சரிபார்க்கத் தெரியும். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்து, பதில் போட நாலு நாள்தான் இருக்கிறது என்று தவிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

ஏஐயே கூடாது என்று நான் சொல்லவில்லை. வருகிறவர் குழப்பமாகச் சொன்னதைத் தேதிவாரியாகத் தொகுப்பது, நீதிமன்றக் கடிதத்தை எளிய மொழியில் மாற்றுவது, மனுவுக்கு முதல் வரைவு போடுவது, இதிலெல்லாம் மிச்சமாகும் நேரத்தில் சட்ட உதவி மையத்தில் இன்னும் சிலரைக் கவனிக்கலாம். ஆனால் அனுப்பும் முன் ஒரு வக்கீல் படித்தே ஆக வேண்டும். அப்புறம், பெயர், முகவரி, வழக்கு விவரத்தையெல்லாம் பொதுச் சாட்பாட்டில் போடாதீர்கள், வக்கீலிடம் பேசுவதற்கு உள்ள ரகசியப் பாதுகாப்பை அங்கே எதிர்பார்க்க முடியாது.