கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் ஓர் ஊர்: சவானா

ஜார்ஜியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நீண்ட வார விடுமுறை வந்தால் ஒர்லாண்டோவுக்கோ ஸ்மோக்கி மலைக்கோ கிளம்பிவிடுகின்றன. அட்லாண்டாவிலிருந்து நாலு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய சவானா அந்தப் பட்டியலில் வருவதே அபூர்வம். வந்தாலும் டைபீ கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு மதியச் சாப்பாடு, ஆற்றங்கரையில் நாலு படம், அவ்வளவுதான். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. அமெரிக்காவில் நான் பார்த்த ஊர்களில் ‘இங்கேயே இருந்துவிடலாம்’ என்று தோன்றியது அந்த ஓர் ஊரில்தான்.

பெற்றோரை ஆறு மாதம் அழைத்து வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். ஊரில் காலையில் செய்தித்தாள் வாங்க ஒரு நடை, சாயங்காலம் கோயிலுக்கு ஒரு நடை என்று இருந்த மனிதர்கள் அவர்கள். இங்கே நம் புறநகர்க் குடியிருப்பின் வாசலைத் தாண்டினால் நடைபாதை முடிந்துவிடும். பால் வாங்கக்கூட யாராவது காரில் அழைத்துப் போக வேண்டும். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாவது மாதத்திலேயே ‘டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமாப்பா?’ என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

என் அப்பா சவானாவில் வேறு ஆளாக இருந்தார். காலையில் நாங்கள் எழுவதற்குள் தனியாகக் கிளம்பி, இரண்டு மூன்று சதுக்கங்களைச் சுற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரோடு தன் இங்கிலீஷில் பேசிவிட்டு, வழி தவறாமல் அறைக்குத் திரும்பினார். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவரும் ஒவ்வொரு சதுக்கத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஃபோர்சைத் பூங்கா வரை நடந்தே வந்தார். அங்கே 1858இல் வைத்த வெள்ளை நீரூற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் 1733இல் போட்ட ஒரு வரைபடம். அந்த வருடம் பிப்ரவரியில், ஜார்ஜியா காலனியைத் தொடங்கிய ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஓகல்தார்ப் தன் ஆட்களோடு ஆற்று மேட்டில் வந்து இறங்கி, ஊரை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் நடுவில் ஒரு சதுக்கம். வடக்கிலும் தெற்கிலுமாக நாற்பது வீட்டு மனைகள். கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம் மாதிரியான பொதுக் கட்டடங்களுக்கு இடம். ஊர் வளர வளர இதே அச்சைப் பக்கத்தில் பக்கத்தில் பதித்துக்கொண்டே போனார்கள், 1851 வரை. மொத்தம் 24 சதுக்கங்கள், இன்று மிஞ்சியிருப்பவை 22. பழைய நகரத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு சதுக்கம் வந்துவிடும். கார்கள் சதுக்கத்தை ஊடறுக்க முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். அதனால் தானாகவே வேகம் குறைகிறது. மேலே பெரிய ஓக் மரங்கள் கைகோர்த்து நிழல் தருகின்றன. அவற்றில் சாம்பல் நிறத்தில் தொங்குவதைப் பாசி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அன்னாசிக் குடும்பத்துச் செடி. மரத்தில் தொங்குகிறதே தவிர, அதன் சத்தை உறிஞ்சுவதில்லை.

எந்தச் சதுக்கத்துக்கும் கட்டணம் கிடையாது, கதவும் கிடையாது. ஒன்றுமே வாங்காமல் நாள் முழுக்க உட்காரலாம். அமெரிக்காவில் இது எவ்வளவு அரிது என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும்.

இரவானால் பேய்க் கதை சொல்லும் சுற்றுலா வண்டிகள் தெருத்தெருவாகப் போகும். அவற்றில் ஏறாதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்த ஊரில் உண்மையாக நடந்த துயரங்களே ஏராளம், அவற்றைக் கேட்டால் போதும். ஜார்ஜியா காலனி தொடங்கியபோது அடிமை முறைக்குத் தடை இருந்தது. 1751இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்து, 1859 மார்ச் 2, 3 தேதிகளில், ஊருக்கு வெளியே குதிரைப் பந்தய மைதானத்தில் நானூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை ஏலம் போட்டார்கள். ஒரே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த குடும்பங்கள் அந்த இரண்டு நாள் மழையில் சிதறிப்போயின. நாம் நின்று படமெடுக்கும் பழைய வீடுகளில் இருக்கும் சாம்பல் செங்கல் பலவும் அடிமைகள் சூளையில் சுட்டவை. ஓவன்ஸ்-தாமஸ் மாளிகைக்குப் போனால் மேல்மாடி அலங்காரத்தோடு நிறுத்தாமல் பின்கட்டையும் பாருங்கள். அடிமைகள் தங்கிய அந்த அறையின் கூரையில் அவர்கள் பூசிய நீலச் சாயம் இன்னும் இருக்கிறது.

மேடிசன் சதுக்கத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். அங்கே இருக்கும் கிரீன்-மெல்ட்ரிம் வீட்டில்தான் உள்நாட்டுப் போரின்போது 1864 டிசம்பரில் ஊரைப் பிடித்த வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் தங்கினார். சவானாவை லிங்கனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தந்தார் என்ற கதையை எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அதற்கு அடுத்த மாதம் நடந்தது. 1865 ஜனவரி 12 அன்று இருபது கறுப்பினப் போதகர்கள் அதே வீட்டில் ஷெர்மனையும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனையும் சந்தித்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், 67 வயது. எட்டு வருடம் முன்புதான் தனக்கும் மனைவிக்கும் ஆயிரம் டாலர் கொடுத்து விடுதலை வாங்கியவர். உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், நாங்களே உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார். நாலே நாளில் ஆணை வந்தது: கரையோர நிலத்தில் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை. அந்த வருடம் முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்து செய்துவிட்டார். ‘நாற்பது ஏக்கர்’ என்று இன்றும் அமெரிக்க அரசியலில் ஒலிக்கும் கோரிக்கை பிறந்த வீடு அது. பஞ்சமி நிலம் பற்றிப் படித்த நம்மவர்களுக்கு அந்த வாசலில் நிற்கும்போது மனசு கனக்காமல் இருக்காது.

இந்த ஊர் தானாக ஒன்றும் பிழைத்துவிடவில்லை. 1954இல் எல்லிஸ் சதுக்கத்தில் இருந்த பழைய சந்தையை இடித்து, கார் நிறுத்தும் கட்டடம் எழுப்பினார்கள். அடுத்து டேவன்போர்ட் வீட்டுக்கு ஆபத்து வந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். 1955இல் தொடங்கிய அவர்கள் அமைப்பு, இடிபடப்போகும் வீடுகளை வாங்கி, ‘பழமை மாறாமல் புதுப்பிக்கிறேன்’ என்று ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கு விற்று, அந்தப் பணத்திலேயே அடுத்த வீட்டை வாங்கியது. கறுப்பினத்தவர் வட்டாரங்களுக்கு இந்தப் பாதுகாப்பு அதே அளவில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களது கடைத்தெருவான வெஸ்ட் பிராட் தெருவில் இருந்த ரயில் நிலையத்தை 1963இல் நெடுஞ்சாலைக்காக இடித்தார்கள். அங்கே மிஞ்சியதைக் காக்கப் போராடியவர் டபிள்யூ. டபிள்யூ. லா. தபால்காரர் வேலை பார்த்துக்கொண்டே ஊரின் சிவில் உரிமைப் போராட்டத்தை நடத்தியவர். அவருக்கு நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமாவது கொடுத்திருக்க வேண்டும்.

எல்லிஸ் சதுக்கம் திரும்பி வந்துவிட்டது. கார்களைத் தரைக்கு அடியில் அனுப்பிவிட்டு 2010இல் திறந்தார்கள். அடிமை முறையை வெளிப்படையாக ஆதரித்த கல்ஹூனின் பெயரில் இருந்த இன்னொரு சதுக்கத்துக்கு 2023இல் சூசி கிங் டெய்லரின் பெயரை வைத்தார்கள். அடிமையாகப் பிறந்து, இந்த ஊரில் திருட்டுத்தனமாக எழுத்துக் கற்று, போரில் காயம்பட்டவர்களைக் கவனித்து, பிறகு மற்றவர்களுக்குப் பள்ளி நடத்தியவர் அவர்.

சாப்பாடும் நமக்கு அந்நியமாக இருக்காது. வெண்டைக்காய், காராமணி, எள் எல்லாமே மேற்கு ஆப்பிரிக்க மக்களோடு இந்தக் கரைக்கு வந்தவை. இங்குள்ள சிவப்புச் சோறு நம் தக்காளிச் சாதத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. ஆனால் பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்துச் சமைப்பார்கள், சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மார்ச் கடைசி, ஏப்ரல் போனால் அசேலியா பூத்திருக்கும். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் ஊர்வலத்தின்போது முதியவர்களோடு போக வேண்டாம், கூட்டம் தாங்காது. ஜூலை, ஆகஸ்டில் சென்னைப் புழுக்கம், கூடவே கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சி. நடக்க முடியாதவர்களுக்கு நகருக்குள் இலவசப் பேருந்து ஓடுகிறது, ஆற்றைக் கடக்கப் படகும் இலவசம். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். காலை ஏழு மணிக்கு ‘புல்’ (Bull) என்ற தெருவில் ஆற்றிலிருந்து தெற்கே நடந்தால் ஐந்து சதுக்கங்கள் வரிசையாக வரும்.

வாழ்வதற்குத்தான் செலவு அதிகம். பழைய நகரத்தில் வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகை விடுவதற்காகவே கைமாறுகின்றன. அங்கேயே பிறந்தவர்கள் விலை தாங்காமல் வெளியேறுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நகராட்சி இதில் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். அந்தச் சதுக்கங்களில் காலையில் உட்கார உள்ளூர்ப் பெரியவர்களே இல்லை என்றால் என் அப்பா யாரோடு பேசுவார்?

துறைமுகத்திலோ விமானத் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கும் தமிழர்கள் அந்தப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அப்பா அம்மா மறுபடி வரும்போது, ஃபோர்சைத் பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு சின்ன வீடு தேடுகிறேன். தரைத்தளமாக இருந்தால் நல்லது, அம்மாவுக்குப் படி ஏற முடியாது.