மூங்கில் வெட்டும்போது இந்தத் தவளையையும் கணக்கில் கொள்ள வேண்டும்

அகத்தியமலைப் பகுதியின் மழைக்காடுகளில் வாழும் வெண்புள்ளிப் புதர்த் தவளையைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்த இதனை 1876-இல் குந்தர் என்ற விலங்கியலாளர் அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாததால் அழிந்திருக்கக்கூடும் என்று அஞ்சப்பட்ட இத்தவளை மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011-இல் வெளியானது.

பளிச்சென்ற பச்சை உடலும் பொன்திட்டுகள் படிந்த கரிய கண்ணும் கொண்ட அழகான உயிர்தான். என்றாலும் அது குஞ்சுகளை வளர்க்கும் விதமே என்னைப் பெரிதும் வியக்க வைக்கிறது. சேஷாத்ரியும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயிருள்ள நாணல் மூங்கிலின் தண்டில், கணுவை ஒட்டி உள்ள குறுகிய பிளவு வழியே இத்தவளை உடலை நெருக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அந்த இருண்ட குழலுக்குள் இடப்படும் சில முட்டைகளை ஆண் தவளையே காவல் காக்கிறது. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், முட்டையிலிருந்து நேரடியாகக் குட்டித் தவளைகள் வெளிவருகின்றன. குளமோ ஓடையோ தேவையில்லை. ஈரமுள்ள காடும் பிளவுபட்ட மூங்கிலும் இருந்தால் போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன்; அந்த இரண்டையும்தான் நாம் எளிதாக விலைபேசிவிடுகிறோம். காகிதக் கூழுக்காகவும் பாய், கூடை முடைவதற்காகவும் நாணல் மூங்கில் நெடுங்காலமாக வெட்டப்பட்டு வருகிறது. முடைந்து பிழைப்போரின் தேவை நியாயமானது. அவர்களைக் குற்றவாளிகளாக்கும் எந்தப் பாதுகாப்புத் திட்டத்தையும் நான் ஏற்க மாட்டேன். ஆலைகளுக்காகப் பெருமளவில், புதர் புதராக வெட்டிச் செல்வதைத்தான் எதிர்க்கிறேன். இந்த மூங்கில் கூட்டமாகப் பூத்துக் கூட்டமாக மடியும் இயல்புடையது என்பதால், ஒரு சரிவில் அது பட்டுப்போகும் காலத்தில் அருகிலுள்ள புதர்களும் வெட்டப்பட்டிருந்தால் தவளைக்குப் போக்கிடம் இருக்காது.

அகத்தியமலைப் பகுதியிலுள்ள களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் தவளைகளுக்கு ஓரளவு காவல் உண்டு. காப்பக எல்லைக்கு வெளியே, வெட்டு அனுமதி தரும் முன்பே பருவமழைக் கால இரவுகளில் மூங்கில் புதர்களில் தவளையின் குரல் கேட்கிறதா என்று வனத்துறை ஆராய வேண்டும். குரல் கேட்கும் புதர்களை முழுமையாக விட்டுவிட வேண்டும். மற்ற இடங்களிலும் இனப்பெருக்கக் காலம் முடியும்வரை வெட்டை நிறுத்திவைப்பதும், அடுத்தடுத்த சரிவுகளை ஒரே ஆண்டில் வெட்டாமல் சுழற்சி முறையைப் பின்பற்றுவதும் அனுமதியின் கட்டாய நிபந்தனைகளாக வேண்டும்.