பீக்கிங் ஓபராவுக்கு முன்பே குன்ச்சு
சீன ஓபராவின் தொடக்கமே பீக்கிங் ஓபராதான் என்று சீன ஓபரா பற்றிய ஒரு கட்டுரையில் எழுதியிருப்பது சரியில்லை. 1790இல் சியென்லோங் பேரரசரின் 80ஆவது பிறந்தநாளை ஒட்டி அன்ஹுய் நாடகக் குழுக்கள் தலைநகருக்கு வந்த பிறகுதான் அது மெல்ல உருவானது, ஆனால் சூச்சோவுக்குப் பக்கத்திலுள்ள குன்ஷானில் பிறந்த குன்ச்சு என்ற பழைய ஓபரா வடிவத்தின் இசையை வெய் லியாங்ஃபு என்ற இசைக்கலைஞர் 16ஆம் நூற்றாண்டிலேயே செப்பனிட்டுவிட்டார். அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் இரண்டும் ஒரே மாதிரிதானே என்று கேட்டிருக்கிறார், இல்லைங்க, பீக்கிங் ஓபராவில் ஜிங்ஹூ என்ற சின்னத் தந்திக்கருவியின் கூர்மையான ஒலி முன்னால் நிற்கும், குன்ச்சுவில் மூங்கில் புல்லாங்குழல் குரலோடு ஒட்டிக்கொண்டே போகும். குன்ச்சுவை நான் முதலில் காணொளியில் பார்த்தபோது ஒரே சொல்லை அவ்வளவு நேரம் இழுத்துப் பாடியதும், அந்த இழுப்பு முழுக்க உடையின் கைகளில் தொங்கும் நீண்ட வெள்ளைத் துணி அசைந்துகொண்டே இருந்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. பீக்கிங் ஓபராவின் புகழ்பெற்ற நடிகர் மெய் லான்ஃபாங்கே குன்ச்சு கற்று மேடையேறியவர், கட்டுரையில் அதையாவது சேர்த்திருக்கலாம்.