இளம் விமானிகளின் தூக்கத்தைப் பற்றிப் பேசுவோம்

விமானி உரிமம் வாங்கிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்க வருவதுண்டு. சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். கேப்டனாக எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்பார்கள். பிள்ளைகளோ, எந்தெந்த ஊரில் லேஓவர், அதாவது பணிகளுக்கு நடுவே அயலூரில் தங்கும் ஓய்வு, கிடைக்கும் என்று ஆசையோடு கேட்பார்கள். மாதப் பணி அட்டவணையான ரோஸ்டர் எப்படி இருக்கும் என்று கேட்பவர்கள் மிக அரிது. வீட்டை அடமானம் வைத்து, அரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் படிக்கவைத்த குடும்பங்கள் இவை. பிள்ளை எப்போது சாப்பிடுவான், எப்போது தூங்குவான், தங்கை கல்யாணத்துக்கு வருவானா மாட்டானா என்பதையெல்லாம் இனி முடிவுசெய்யப்போவது அந்த அட்டவணைதான். அது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்த நீண்ட பதிவு.

இந்தியாவில் புதிதாகச் சேரும் துணை விமானிகளில் பெரும்பாலோர் ஏர்பஸ் ஏ320, போயிங் 737, ஏடிஆர் போன்ற விமானங்களில்தான் தொடங்குகிறார்கள். எல்லாம் குறுகிய தூரப் பயணங்கள். ஒரே நாளில் மூன்று, நான்கு செக்டார்கள்கூட வரும்; ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒருமுறை பறப்பது ஒரு செக்டார். சென்னையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பும் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரைக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும். அதற்கு மூன்றரைக்கு வாசலில் கார் வந்து நிற்கும். இரண்டே முக்காலுக்கு எழுந்தால்தான் குளித்துச் சீருடை போட முடியும். இரவு ஏழு மணிக்கே படுத்தால் கணக்குச் சரியாக வரும். ஆனால் ஏழு மணிக்கு உடம்பு தூங்க மறுக்கும். வீட்டில் தொலைக்காட்சி ஓடும், தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள். இப்படி மூன்று நாள் போன பிறகு, அதே வாரத்தில் மாலைப் பணி வரும், பிறகு இரவுப் பணி வரும். நேரம் இப்படி மாறிக்கொண்டே இருப்பதுதான் உண்மையான சிரமம். நிலையான இரவுப் பணிக்குக்கூட உடம்பு ஓரளவு பழகும். வாரத்துக்குள்ளேயே புரண்டு புரண்டு வரும் பணிக்கு எந்த உடம்பும் பழகாது.

உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வாரத்துக்கு 35 மணி நேரம், ஆண்டுக்கு 1,000 மணி நேரம்தானே சட்டப்படி பறக்கலாம், இதில் என்ன களைப்பு என்பார்கள். அந்த எண்கள் சரிதான். ஆனால் பறப்பு நேரம் என்பது விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து வந்து நிற்கும் வரை மட்டும். வானிலை அறிக்கை பார்ப்பது, எரிபொருள் கணக்கிடுவது, விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பது, அடுத்த செக்டாருக்கு முன் டெல்லிப் பனிமூட்டம் விலகுமா என்று காத்திருப்பது, பயணியாக உட்கார்ந்து இன்னொரு ஊருக்குப் போய் அங்கிருந்து விமானம் எடுப்பது, இவை எதுவும் அதில் சேராது. இவற்றையும் சேர்த்த பணி நேரத்துக்குத் தனி வரம்பு இருக்கிறது. எட்டு மணி நேரம் பறந்ததாகப் பதிவேட்டில் இருக்கும் நாளில், விமானி வீட்டை விட்டுக் கிளம்பித் திரும்பப் பதினான்கு மணி நேரம்கூட ஆகியிருக்கலாம்.

அழைப்புக்காகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில்தான் இருப்பீர்கள், சீருடை தேய்த்துத் தொங்கும், பெட்டி கட்டி வைத்திருக்கும். அழைப்பு வராமலே போகலாம். வந்தால் ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கலாம். முதல் ஆண்டில் இத்தகைய நாட்கள் அதிகம் வரும். தீபாவளியன்று ஸ்டாண்ட்பை போட்டால் வருத்தப்படாதீர்கள், விமானம் பண்டிகை நாளில்தான் நிரம்பி ஓடுகிறது. ஆனால் அன்று நண்பகலிலேயே ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். ஸ்டாண்ட்பையின் கடைசி மணி நேரத்தில் வரும் அழைப்புதான் ஆபத்தானது. நாள் முழுக்க விழித்திருந்த பிறகு அங்கிருந்து ஒரு முழு இரவுப் பணி தொடங்கும்.

லேஓவருக்கு வருகிறேன். அயலூரில் தங்கும் அந்த ஓய்வைச் சுற்றுலாவாகக் காட்டும் படங்கள் சமூக ஊடகத்தில் நிறைய உலவுகின்றன. நம் விதிப்படி, இரண்டு பணிகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரம், அல்லது முந்தைய பணி எவ்வளவு நேரமோ அவ்வளவு, இவற்றில் எது அதிகமோ அது ஓய்வாகக் கிடைக்க வேண்டும். விமான நிலையத்துக்கும் விடுதிக்கும் இடையிலான பயணம் அந்த ஓய்வில் சேராது. காகிதத்தில் நல்ல விதி. நடப்பில், காலை எட்டு மணிக்கு விடுதி அறைக்குள் நுழையும் இளைஞனுக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் பகல் வெளிச்சத்தில் கிடைக்கிறது. அறையைச் சுத்தம் செய்ய வந்து கதவைத் தட்டுவார்கள். கீழே கல்யாண வரவேற்புக்கு ஒலிபெருக்கியைச் சோதிப்பார்கள். திரைச்சீலையின் இடுக்கில் வெயில் வரும். நாலு மணி நேரம் தூங்கியிருந்தாலே அது நல்ல லேஓவர். முதல் ஊருக்குப் போகும்போதே கண்மறைப்பானும் காதடைப்பானும் பெட்டியில் இருக்கட்டும். அறை கேட்கும்போது மேல் தளத்தில், லிஃப்டிலிருந்து தள்ளி, சாலையைப் பார்க்காத அறையாகக் கேளுங்கள். கொடுப்பார்கள். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது கூடாது, கிளம்பும் முன் மூச்சுப் பரிசோதனை உண்டு. ஆகவே அந்த லேஓவரில் மதுவுக்கு இடமே இல்லை என்று முதல் நாளே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல லேஓவர்களும் வரும், அவற்றையும் மறைக்க விரும்பவில்லை. குவாஹாட்டியில் ஒரு முழு நாள் கிடைத்து, நன்றாகத் தூங்கி எழுந்து, சாயங்காலம் பிரம்மபுத்திராவின் கரையில் நடந்தது இந்த வேலை எனக்குத் தந்த பெரிய மகிழ்ச்சிகளில் ஒன்று. தூங்கிய பிறகு நடந்தேன் என்பதால்தான் அது மகிழ்ச்சி. ஊரைப் பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்று கிளம்பும் இளைஞர்களிடம் வரிசையை மாற்றச் சொல்வேன்.

லேஓவரே இல்லாத இரவுப் பயணங்களைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். இரவில் வளைகுடாவுக்குப் போய், ஒரு மணி நேரம் தரையில் நின்று, விடியற்காலையில் அதே விமானத்தோடு திரும்புவது. அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை மனித உடம்பின் விழிப்புநிலை மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம். துல்லியம் அதிகம் தேவைப்படும் தரையிறக்கம் சரியாக அந்த நேரத்தில் வந்து விழுகிறது. 2010 மே 22 அன்று மங்களூரில் நடந்தது இதுதான். துபாயிலிருந்து திரும்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, மேட்டு ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள், 8 பேர் மட்டுமே தப்பினார்கள். விமானி அறை ஒலிப்பதிவில் கேப்டனின் குறட்டை பதிவாகியிருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவர் தூங்கியிருந்தார். தூங்கி எழுந்ததும் சிறிது நேரம் புத்தி முழுதாகத் தெளியாத நிலையில் அவர் முடிவெடுத்ததை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. அருகில் இருந்த துணை விமானி, தரையிறங்க வேண்டாம், மேலெழும்பிச் சுற்றிவரலாம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொன்னார். அந்தக் குரல் கேட்கப்படவில்லை. இளம் துணை விமானி ஒவ்வொருவரும் அந்த அறிக்கையைப் படிக்க வேண்டும். உங்கள் வேலை என்ன என்பது அதில் இருக்கிறது.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே எல்லாம் பணிமூப்பு எண்ணைப் பொறுத்தது. மூத்தவர்கள் தங்களுக்கு வேண்டிய பயணங்களை முதலில் தேர்ந்தெடுப்பார்கள். மிச்சம் இருக்கும் இரவுகளும் வார இறுதிகளும் அவசரகால அழைப்பு நாட்களும் புதியவர்களுக்கு. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே விழுந்த கோல்கன் ஏர் 3407-இன் துணை விமானிக்கு 24 வயது. சியாட்டிலில் வசித்த அவர், பணியிடமான நியூவார்க்குக்கு முந்தைய இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் ஏறிக்கொண்டு வந்து சேர்ந்து, பணியாளர் அறையில் இளைப்பாறிவிட்டு விமானம் ஏறினார். தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் ஓயாமல் போராடியதால்தான் 2014 ஜனவரியில் அங்கே புதிய ஓய்வு விதிகள் நடைமுறைக்கு வந்தன. பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதற்குள் தடையின்றி 8 மணி நேரம் தூங்கும் வாய்ப்பு.

நம் நாட்டில் அதே வேலையைப் பெருமளவு விமானிகள் சங்கங்களே செய்ய வேண்டியிருந்தது. விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் புதிய விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது நள்ளிரவிலிருந்து காலை ஐந்து வரை என்றிருந்தது ஆறு வரை என்றானது. இரவில் ஆறு தரையிறக்கம் வரை அனுமதித்திருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் வந்திருக்க வேண்டிய விதிகள், நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போடப்பட்டு, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தன. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அவகாசம். ஆனாலும் டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. ஐந்தாம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல். அன்றே அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி தொடர்பான சில விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுத்தார்கள்.

விமான நிலையங்களில் கைக்குழந்தையோடு தரையில் படுத்துக் கிடந்த பயணிகளின் துயரத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வாரம் பலர் "விமானிகளுக்கு இவ்வளவு ஓய்வு எதற்கு" என்று எழுதியதைப் படித்தபோது கோபம் வந்தது. விதி தவறில்லை. போதிய விமானிகளை வேலைக்கு எடுக்காமல், பழைய வேகத்திலேயே கால அட்டவணை போட்டதுதான் தவறு. தூங்காத விமானியின் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் அந்த ஓய்வு.

இந்தச் சுமையைத் தாங்கும் இளையவருக்குத்தான் மறுத்துப் பேசும் வலிமை மிகக் குறைவு. கடன் தவணை இருக்கிறது. பயிற்சிக்கான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேலையை விட்டுப் போவதென்றால்கூடத் துணை விமானி ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2017 முதல் விதி இருக்கிறது. கேப்டன் பதவி உயர்வு கண் முன்னால் நிற்கிறது. இந்த நிலையில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு அட்டவணைப் பிரிவை அழைத்து "என்னால் இன்று பறக்க முடியாது" என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. களைப்பைப் பற்றிய புகார்களுக்குத் தண்டனை கூடாது, ரகசியம் காக்கப்பட வேண்டும், நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை அவற்றை ஆராய்ந்து, எடுத்த நடவடிக்கையோடு இயக்குநரகத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று 2024 விதிகளே சொல்கின்றன. அந்தக் காலாண்டு அறிக்கைகளைப் பொதுவெளியில் வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்த நிறுவனத்தில் எத்தனை பேர் களைப்பு என்று சொன்னார்கள், எத்தனை புகார்கள் ஏற்கப்பட்டன என்பதைப் பயணி பார்க்கட்டும். வேலைக்குச் சேரப்போகும் பிள்ளையும் பார்க்கட்டும்.

அதுவரை, தம்பி தங்கைகளே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே பறக்கும் துணை விமானி ஒருவரிடம் கடந்த மூன்று மாத ரோஸ்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்தடுத்து எத்தனை இரவுகள் வருகின்றன, அறிவித்த ரோஸ்டர் எத்தனை முறை மாறியது என்று எண்ணுங்கள். சேர்ந்த பிறகு முடியாத நாள் வந்தால் காய்ச்சல், வயிற்றுவலி என்று வேறு காரணம் சொல்லாதீர்கள். களைப்பு என்றே சொல்லுங்கள், அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே அறிக்கையை எழுதி அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். எப்படி எழுதுவது என்று தயக்கம் இருந்தால் உள்பெட்டியில் கேளுங்கள், உடன் உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.