வியன்னாவையும் பாருங்கள்

அரசு வாடகை வீடு கட்டினால் பராமரிப்பே இருக்காது, தனியாரிடம் விடுவதுதான் வழி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் மாநகராட்சி 1923-ல் வீட்டுவசதி வரி போட்டது. ஆடம்பர வீடுகளுக்குப் பல மடங்கு அதிகம். அந்தப் பணத்தில் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இன்று சுமார் 2,20,000 வீடுகள் மாநகராட்சி கையில். அங்கே வீடு கேட்பவருக்கான வருமான உச்சவரம்பு உயரம் என்பதால் நடுத்தரக் குடும்பங்களும் அங்கேயே குடியிருக்கின்றன. பராமரிப்பு கெடாததற்கு அதுவே முக்கியக் காரணம் என்பேன்.

பெர்லின் நேர்மாறு. 2004-ல் சுமார் 65,000 பொது வீடுகளைத் தனியாருக்கு விற்றது. அப்புறம் வாடகை ஏறி, 2021-ல் பெருநிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமையாக்கக் கேட்டு மக்களே பெரும்பான்மையாக வாக்களித்தார்கள்.

ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் மாநகராட்சியும் வீட்டுக்காரராக இருந்தால்தான் குடியிருப்பவருக்கு வேறு போக்கிடம் இருக்கும்.