ஸ்டியரிங் கனமா இருந்தா அது ஹேண்ட்லிங்கா?

கார் ரிவ்யூ பண்றவங்களே, ஹேண்ட்லிங்ல (ஓட்டுறவர் சொன்னபடி வண்டி எப்படித் திரும்புது, வளைவுல எப்படி நிக்குதுங்கிறது) ரெண்டு காரை ஒப்பிடுறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்கப்பா! ஒண்ணுல புது டயர், இன்னொண்ணுல பாதி தேஞ்சது. ஒண்ணுல காத்து 33 பிஎஸ்ஐ, இன்னொண்ணுல 27. இதை வச்சுக்கிட்டு "இந்த வண்டி வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகுது, அது அலையுது"ன்னு தீர்ப்பு வேற! அலையுறது வண்டியா, காத்து கம்மியான டயரோட பக்கச்சுவரா? அந்தக் காத்தையும் நல்லா ஓட்டி சூடான பிறகுதான் அளக்கிறாங்க. கதவோரம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கிறது குளிர்ந்த டயருக்கான அளவுங்க!

அப்புறம் இந்த ஸ்போர்ட் மோடு. பட்டனை அமுக்கினா ஸ்டியரிங் கனமாகுது, உடனே "ஃபீல் வந்துடுச்சு"ங்கிறாங்க. பல வண்டிகள்ல அங்க நடக்கிறது ஸ்டியரிங்கைத் திருப்ப மோட்டார் தர்ற உதவி குறையிறது மட்டும்தான். முன்சக்கரம் பிடி விடப்போகுதுன்னா அது கைக்குத் தெரியணும். அதுக்குப் பேர்தான் ஃபீல்.

இதைவிடக் கொடுமை, காரை லேனுக்குள்ள வச்சிருக்க உதவுற லேன் கீப்பிங்கையும் லேன் சென்டரிங்கையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறது. முன்னது, கோட்டைத் தாண்டப் போகும்போது உள்ள தள்ளிவிடும். பின்னது, தொடர்ந்து நடுவுல பிடிச்சு வைக்கும். ரெண்டுக்கும் ஒரே மார்க்கா? முன்கண்ணாடியை மாத்திட்டு, அதுக்குப் பின்னால இருந்து லேன் கோட்டைப் பார்க்கிற கேமராவை கேலிப்ரேட் பண்ணாம (திரும்பச் சரியா அளவமைக்காம) ஓட்டிட்டு, "சிஸ்டம் சரியில்ல"ன்னா யார் தப்பு?

லெவல் 2ன்னா, அதாவது ஸ்டியரிங்கையும் வேகத்தையும் காரே பார்த்துக்கிட்டாலும், ஓட்டுறவர் கண்ணு ரோட்டுலதான் இருக்கணும். எத்தனை தடவை சொல்றது? ஸ்டியரிங்ல தண்ணி பாட்டிலைச் சொருகி, கை வச்சிருக்கிற மாதிரி காரை ஏமாத்துறதைப் போய் 'டெஸ்ட்'டுங்கிறாங்க! முன்னால நிக்கிற லாரியை அந்த பாட்டிலா பார்க்கும்?